நான் சொல்லக்கூடிய பேர்

எனக்கு எண்பத்தோரு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேருக்கும் சோறு குறைந்ததில்லை, அடியும் குறைந்ததில்லை. இப்போது நியூ ஜெர்சியில் கடைசி மகன் வீட்டில் இருக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நிதானமாகத்தான் எழுத வரும்.

மருமகள் இத்தாலிக்காரக் குடும்பத்துப் பெண். போன வருஷம் அவள் வயிற்றில் இருப்பது பையன் என்று தெரிந்ததும், விட்டோரியோ என்று வைக்கப் போவதாக மகன் சொன்னான். எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மற்ற மூன்று பேரும் தங்கள் பிள்ளைகளுக்கு இஷ்டம்போல் பேர் வைத்துவிட்டார்கள். இவனும் விட்டால் அவர் பேருக்கு ஆளே இல்லை.

"தாத்தா பேரத் தாங்குனாத்தான்டா பேரன்" என்றேன்.

"அம்மா, இந்தப் பேருக்கு மீனிங் என்னன்னா..."

"உன் மீனிங்க நீயே வச்சுக்கோ."

ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. கடைசியில் வழிக்கு வந்தான். குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரி ஃபார்மில் தாத்தா பேரை முதலிலும் விட்டோரியோவை நடுவிலும் எழுதிவிட்டு வந்தான். நான் பாயசம் வைத்தேன்.

பேர் வைக்கிற நாள் வந்தது. ஹால் நிறைய ஆட்கள். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் அப்பாவைப் பெற்றவள்தான் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். குனிந்தேன். வாய் வரவில்லை. கட்டினவர் பேரை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்வேன். சண்டை போட்ட ஒரு வாரமும் இது என் புத்திக்கு எட்டவே இல்லை.

"என்னம்மா, மறந்துபோச்சா?"

"மறக்குற பேராடா அது? நான் எப்படிச் சொல்லுவேன்?"

மகனுக்கு அப்போதுதான் விளங்கியது. "சண்ட போட்டு வாங்கிட்டு இப்ப இப்படிச் சொன்னா எப்படிம்மா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டான். ஹாலே சிரித்தது. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது.

சம்பந்தியம்மாள் பக்கத்தில் வந்து என்ன விஷயம் என்று விசாரித்தாள். மகன் இங்கிலீஷில் சொன்னான். தாத்தா பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். வெற்றி என்றான். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று பேசினாள். மகன் தமிழில் சொன்னான்.

"விட்டோரியோன்னாலும் வெற்றிதாம்மா. ரோமாபுரிக் காலத்துலேர்ந்து வர்ற வார்த்தையாம். ராஜாவுக்கெல்லாம் இருந்த பேராம். அவங்க அப்பா ஊர்ல தெருவுல நின்னு கூப்பிட்டா நாலு பேர் திரும்புவாங்களாம். இங்க வந்தப்புறம் 'விக்'குன்னு சுருக்கிட்டாங்களாம். இப்ப சின்னவங்க மறுபடி ஆசையா வைக்கிறாங்களாம். அவங்க வழக்கத்துலயும் மூத்த பேரனுக்கு அப்பாவோட அப்பா பேர்தானாம்."

"இத ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க?"

குனிந்து, விட்டோரியோ, விட்டோரியோ என்று காதில் சொன்னேன். மூன்றாவது தடவை காதோடு நிற்கவில்லை, வாசல் வரை போயிருக்கும்.

இப்போது நாள் முழுக்க அந்தப் பேர்தான். விட்டோரியோ, வாயைத் திற. விட்டோரியோ, முடியைப் பிடித்து இழுக்காதே. அவரை இப்படி அதட்ட எனக்கு வாய்த்ததே இல்லை.

இவனுக்கு ஒன்பது வயதில் ஓர் அக்கா இருக்கிறாள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள்.

"இங்க வா கண்ணு, பாட்டி எழுதுனத வாசிச்சுக் காட்டு."

"ஃபுல்லாவா பாட்டி?"

"முழுசா. தம்பிக்கும் கேக்குற மாதிரி."