முப்பத்தெட்டு காசு மலிவான பெட்ரோல்

காலை 6.40. கள்ளக்குறிச்சியில் பெட்ரோல் லிட்டர் 101.98. கல்வராயன் மலையில் நான் போகவிருந்த ஊரில் 101.60. முந்தின நாளே இணையத்தில் ஒப்பிட்டுக் குறித்து வைத்திருந்தேன். லிட்டருக்கு முப்பத்தெட்டு காசு மிச்சம். மேலே போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். கச்சிராயபாளையத்திலும் நிற்கவில்லை.

8.20. ஊருக்கு அரை கிலோமீட்டர் முன்பு வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பங்க் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. பெட்டிக்கடை வாசலில் ஆறு பாட்டில் பெட்ரோல், லிட்டர் 130 ரூபாய். (ஊர்ப் பெயரை எழுதவில்லை, கடைக்கார அம்மாளுக்கு இருக்கும் தொல்லை போதும்.) எனக்குக் கோபம் தலைக்கேறியது. கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நூத்தியொண்ணா? அப்ப அந்த போன்லயே ஊத்திக்கோங்க சார்."

பிறகு அவரே விளக்கினார். பங்க்கில் பாட்டிலில் தருவதில்லை. அதனால் அவர் கணவர் கூலிக்குப் போகாமல் கச்சிராயபாளையம் இறங்கி, வண்டி டேங்க்கில் எட்டு லிட்டர் போட்டு வந்து, டியூப் வைத்துப் பாட்டிலில் இறக்குகிறார். ஏறி இறங்கவே ஒரு லிட்டர் போய்விடும். கணக்குப் போட்டேன், நூறு ரூபாய்கூட நிற்காது.

"உங்கள மாதிரி ஒருத்தர் போன மாசம் வந்து இந்த வெலய ஊருக்கே காட்டிட்டுப் போய்ட்டாருங்க. எங்க ஊரு ஆளுங்களே கொள்ளக்காரின்றாங்க. இந்த ஆறு பாட்டிலோட யாவாரத்த வுட்டுடலாம்னு இருக்கோம்."

அதற்குள் உள்ளூர்க்காரர் ஒருவர் பைக்கில் வந்து நூற்றிரண்டு ரூபாயைப் பலகைமேல் வைத்தார். "இன்னாக்கா, இன்னும் நூத்திமுப்பதா? ஜாஸ்தி ஜாஸ்தின்னு கத்திக்கினே கீறேன். போன்ல பொய்யா போடுவான்?"

நான் மற்ற மலையூர்களின் விலையையும் திறந்து அவரிடம் காட்டினேன். ஒன்பது ஊர், ஒன்பதிலும் 101.60. "இதில் எந்த ஊரில் பங்க் இருக்கிறது?"

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். "பங்க் இல்லதான் சார். ஆனா வெல போட்டிருக்குதே!"

"வெலய ஊத்திக்கினு போப்பா," என்று அம்மாள் ரூபாயைத் திருப்பித் தள்ளினார். உள்ளூர்க்காரர் முணுமுணுத்தபடி வந்த வழியே போனார்.

9.05. 130 கொடுத்து ஒரு பாட்டில் ஊற்றிக்கொண்டேன். அந்த இணையதளத்தில் 'விலை தவறா?' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் சரியான விலையைக் கேட்கிறது. 'பங்க்கே இல்லை' என்று எழுதினேன். எண் மட்டும்தான் ஏற்குமாம். இருக்கிற கடையைத் திருட்டுக் கடையாக்கி, இல்லாத கடைக்குப் பைசா சுத்தமாக விலை போடுகிறவனை யாரிடம் போய்ச் சொல்வது?

கள்ளக்குறிச்சியில் என் வீட்டைச் சுற்றி நான்கு பங்க். ஒப்பிடுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு. இங்கே இன்னும் ஐந்து பாட்டில்தான் இருக்கிறது.