ஒலியடைத்த தொடருக்கு வாய் தந்தவள்

வாய்மையைக் காப்பவர் பலர் உண்டு. தாம் வழுவிய இடத்தைத் தாமே எடுத்துக்காட்டித் திருத்திச் சொல்பவர் சிலரே. அந்த அரிய வாய்மை, ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் கூடத்தில், நீலச் சீருடை அணிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தது. அங்கே அதற்கு ஸ்பீக்கரக்கா என்று பெயர்.

பெயர் வந்த கதை இது. கூடத்தில் ஆறு கட்டில்கள். கட்டிலுக்கு ஓர் இயந்திரம். நோயாளிகள் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், கையில் இரண்டு ஊசிகளோடு அசையாமல் கிடக்க வேண்டும். சுவரில் தொலைக்காட்சி உண்டு, ஒலிதான் இல்லை. எந்த இயந்திரம் எப்போது எச்சரிக்கை மணி அடிக்குமோ என்று காதைத் தீட்டி வைத்திருந்த தலைமைச் செவிலியர், பெட்டியின் வாயை அடைத்துவிட்டார். மதியம் இரண்டு மணிக்கு ஓடும் குடும்பத் தொடரை எல்லாரும் மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கிடந்தார்கள்.

அவளோ இந்த வேலைக்கு வருமுன் பதினோரு ஆண்டு நெசவாலையில் நின்றவள். தறிகளின் இரைச்சலில் அங்கே ஒருவர் சொல் மற்றவர் காதில் ஏறாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. அந்தப் பழக்கத்தில் ஒருநாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, திரையில் மாமியார் வாயசைத்ததை அப்படியே உரக்கச் சொன்னாள்: "என் மகனை முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன்னு ரொம்பத்தான் ஆடாதடி!" கூடமே கொல்லென்று சிரித்தது. அன்று முதல் மாமியாருக்கும் மருமகளுக்கும் மாமனாருக்கும் அவளே வாய்.

"செவ்வாக்கிழமை வீட்ல சத்தத்தோட பார்த்தேன். ஒண்ணும் நல்லா இல்ல," என்று இரண்டாம் கட்டில் கணக்கு டீச்சர் குறைப்பட்டுக்கொள்வார். "அந்த மாமியார் குரல் கீச்சுன்னு இருக்கு. நீ பேசுறதுதான்டி மாமியார்."

முகம் திரும்பிய இடங்களில் அவள் ஊகித்துச் சொல்வதும் உண்டு. ஊகம் பிழைத்தால், சனிக்கிழமை மறுஒளிபரப்பைக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை கட்டில் கட்டிலாகச் சென்று திருத்துவாள். "பெரியவன் 'சொத்து வேணாம்'னு சொன்னதா சொன்னேன். தப்பு. 'சொத்து மட்டும் போதாது'ன்னு சொல்லியிருக்கான்."

"அதானே! அந்தப் பய திருந்திட்டானோன்னு பயந்தே போயிட்டேன்," என்பார் நான்காம் கட்டில் லாரிக்காரர்.

அக்காலத்தில் தொடரில் ஒரு மர்மம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய வீட்டு வாசலில் மாதம் ஒருமுறை, அனுப்பியவர் பெயரில்லாமல் ஒரு பொட்டலம். உள்ளே வீட்டுப் பெரியவருக்கு வேண்டிய ஏதோ ஒன்று; ஒருமுறை மூக்குக்கண்ணாடி, ஒருமுறை கம்பளிக் காலுறை. வைப்பது யார்? சம்பந்திதான் என்றார் டீச்சர். ஊசியில்லாத கையால் சந்தேகத்துக்குரியவர்களை நோட்டில் எழுதி, ஆளுக்கு மதிப்பெண்ணும் போட்டிருந்தார்.

"ரெண்டாவது மருமகன்தான்," என்றார் லாரிக்காரர். "அவன் மூஞ்சியே சரியில்ல."

"மூஞ்சியை வச்சுப் பார்த்தா உங்களையும்தான் பட்டியல்ல சேர்க்கணும்."

ஐந்தாம் கட்டிலில் கிடந்த ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் மெல்லக் கனைத்தார். "பொட்டலத்துல தபால் முத்திரை இல்ல. அப்போ கையில கொண்டாந்து வச்சிருக்காங்க. நடந்து வர்ற தூரத்துல இருக்கிறவங்க. அவர் வீட்டை விட்டுத் துரத்தினாரே, அந்தப் பொண்ணுதான்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏன் திருப்பினார் என்பது ஸ்பீக்கரக்காவுக்கு மட்டும் தெரியும். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவரே ஒருநாள் சொன்னது. மகள் ஆறு ஆண்டுகளுக்கு முன் தன் விருப்பப்படி மணம் செய்துகொண்டாள். பிறகு மூன்று கடிதம் எழுதினாள். மூன்று உறையிலும் தம் கையாலேயே 'பெற மறுப்பு' என்று எழுதித் திருப்பினார். "முப்பத்தஞ்சு வருஷம் ஊரார் கடுதாசியெல்லாம் கொண்டு சேர்த்தவன்மா. எனக்கு வந்ததை நானே திருப்பிட்டேன்."

ஒரு வெள்ளிக்கிழமை மர்மம் உடைந்தது. பெரியவர் கதவைத் திறக்கிறார். வாசலில், கையில் பொட்டலத்தோடு மகள்! டீச்சர் நோட்டைக் கீழே போட்டார். போஸ்ட்மாஸ்டர் தலையைத் தூக்கினார். ஊசியிருந்த கையின் விரல்கள் இறுகின. திரை முழுவதும் பெரியவர் முகம். கண்ணில் நீர் நின்றது. சினத்தின் நீரா, அன்பின் நீரா என்று முகத்தைக்கொண்டு அறிய வழியில்லை. உதடு அசைந்தது. ஸ்பீக்கரக்காவுக்கு மட்டும் அது பட்டப்பகல்போல் தெரிந்தது: 'செத்துப்போனவளுக்கு இங்கென்ன வேலை?' அவ்வளவுதான். அந்த முகத்தோடு அன்றைய பகுதி நின்றது.

"என்னம்மா சொன்னார்?" போஸ்ட்மாஸ்டர்தான் முதலில் கேட்டார்.

அவள் அந்த இறுகிய விரல்களைப் பார்த்தாள். "'இவ்வளவு நாள் ஏம்மா வாசல்லயே நின்னே? உள்ள வா'ங்கிறார்."

டீச்சர் மூக்கை உறிஞ்சினார். லாரிக்காரர், குளிரூட்டிய அறையில், தமக்கு வேர்க்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நெஜமாவா அப்படிச் சொன்னார்?"

"ஆமாங்கய்யா."

வீட்டுக்குப் புறப்படும்போது போஸ்ட்மாஸ்டர் அவள் அருகே நின்றார். "நாளைக்கு என் பொண்ணுக்கு போன் பண்ணலாம்னு இருக்கேன்மா."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அடுத்த பகுதி வந்தால் பொய் வெளுத்துவிடும். ஏமாந்தோம் என்று அவர் கொதித்தெழுந்தால், அந்தக் கொதிப்பு மறுபடியும் மகள்மேல்தானே விழும்? போனில் கூப்பிட்டு உண்மையைச் சொல்லலாமென்றால், அவர் எண் பதிவேட்டில் இருந்தது. அதைத் திறக்க அவளுக்கு அனுமதி இல்லை.

சனிக்கிழமை முழுதும் அவள் வீட்டில் தொலைக்காட்சியைப் போடவே இல்லை. அவள் கணவர் வீடுகளுக்கு வண்ணம் பூசுபவர், அதிகம் பேசாதவர். அவள் நடந்ததைச் சொல்லக் கேட்டுவிட்டு, கையில் மண்ணெண்ணெய்த் துணியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ஈரமா இருக்கும்போதே துடைச்சிடு. காய்ஞ்சா சுரண்டணும்."

"அவர் மனசு உடைஞ்சிட்டா?"

"நல்லதுக்குத்தானே சொன்னே? அதையும் சேர்த்துச் சொல்லு."

திங்கட்கிழமை போஸ்ட்மாஸ்டர் தனியாக வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓர் இளம்பெண் உடன் வந்தாள். மூக்கும் நெற்றியும் அவரை உரித்து வைத்திருந்தன. அவரைப் படுக்கவைத்துவிட்டு அவள் குடிநீர் பிடித்துவரப் போனாள். அந்த இடைவெளியில் ஸ்பீக்கரக்கா கட்டிலோரம் வந்து நின்றாள்.

"ஐயா, வெள்ளிக்கிழமை நான் சொன்னது பொய். ஊகம்கூட இல்ல. தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன். அந்தப் பெரியவர்..."

"'செத்துப்போனவளுக்கு இங்கென்ன வேலை'ன்னு கேட்டான். தெரியும்மா."

அவரே தொடர்ந்து சொன்னார்.

"நீ சொன்னதை அவன் வாயால ஒருதடவை கேட்கணும்னு ஆசை. சனிக்கிழமை போனைக் கையில வச்சுக்கிட்டே மறுபடியும் போட்டதைப் பார்த்தேன். அவன் அப்படிக் கேட்டதும் பகீர்னு ஆயிடுச்சு. அது அவன் குரலாவே தெரியல. உறையில நான் எழுதினேனே, அந்த எழுத்து எழுந்து பேசுற மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் நம்பரை அழுத்தினேன்."

"கேட்டதுக்கு அப்புறமாங்கய்யா?"

"அப்புறம்தான். ஆனா பொண்ணு குரலைக் கேட்டதும் எனக்குச் சொந்தமா ஒரு வார்த்தை வரல. நீ சொன்னதைத்தான் சொன்னேன். 'இவ்வளவு நாள் ஏம்மா வாசல்லயே நின்னே? உள்ள வா.'"

மகள் தண்ணீரோடு திரும்பினாள். "அப்பா, மெதுவாக் குடிங்க," என்று தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

இரண்டு மணிக்கு முன் ஸ்பீக்கரக்கா கூடத்தின் நடுவில் நின்று தன் பொய்யை எல்லாருக்கும் சொல்லித் திருத்தினாள்.

"அந்த ஆளுக்காகவா நான் வேர்த்தேன்!" என்று லாரிக்காரர் பொருமினார்.

"நானும் சனிக்கிழமை பார்த்தேன்டி," என்றார் டீச்சர். ஐந்தாம் கட்டிலைப் பார்த்துக்கொண்டே நோட்டைப் புரட்டினார். "உனக்குப் பத்து மார்க் குறைச்சேன். இப்பதான் திருப்பிப் போட்டேன்."

தொடர் தொடங்கியது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு திரையை நோக்கினாள்.

வண்ணம் படிந்த கை கதவைத் திறக்க, பகலெல்லாம் பிறருக்காகப் பேசித் தேய்ந்த குரலோடு அவள் நுழையும் அந்தச் சிறிய வீட்டில் அடுப்பு என்றும் ஆறாதிருக்க! விளக்கு குன்றாதிருக்க! அங்கே சொல்லுக்குப் பஞ்சமும் சொல்லால் காயமும் நேராதிருக்க! அந்த வாசலைத் தேடி வரும் அன்பு எதுவும் மறுக்கப்பட்டுத் திரும்பாதிருக்க!