கிட்டுசாமியின் கை

கிட்டுசாமிக்குப் பனியன் கம்பெனியில் மடிக்கிற வேலை. சலவைக்குப் போய் வெள்ளை வெளேரென்று திரும்பி வரும் பனியனை மேஜையில் விரித்து, இரண்டு கையாலும் நீவி, மடித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். பேச்சுக்கு அதில் இடமில்லை. அவருக்கும் பேச்சு அவ்வளவாக வராது. மனைவி தவறிப் போன பிறகு பொங்கலூர்ச் சோளக்காட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் திருப்பூர் வந்தவர். லைன் வீட்டில் ஒற்றை அறை. அறுபத்தெட்டாம் வருஷம் அவருக்கு வயது நாற்பத்தைந்து.

அந்தச் சித்திரையில் பெய்த கோடை மழையில் ஓட்டு இடுக்கு வழியாக ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி உள்ளே விழுந்தது. தாய் தேடி வரவில்லை. சோற்றைப் பாலில் பிசைந்து வைத்தார். அதன் பிறகு வேலை விட்டதும் அவர் நடை கொஞ்சம் வேகமானது.

தப்பு நடந்தது விளையாட்டில்தான். குட்டி விரலைக் கவ்வியபோது சுருக்கென்றது. கம்பெனியில் வெட்டி மிஞ்சிய பனியன் துண்டு ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "இப்பக் கடி பாக்கலாம்" என்று நீட்டினார். குட்டி பாய்ந்து முன்னங்காலால் கட்டிக்கொண்டு, பின்னங்காலால் உதைத்துக் கடித்தது. துணிக்குள் கைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவர் சிரித்தார். தினமும் அதுவே விளையாட்டு. எவ்வளவு கடித்தாலும் அந்தக் கை வலிக்கிறது என்று சொல்லவில்லை. எதுவரைக்கும் கடிக்கலாம் என்று குட்டிக்கு எப்படித் தெரியும்?

ஆனி முடிவதற்குள் பல் ஊசியாகிவிட்டது. வெறுங்கையையும் அதே மாதிரி கடித்தது.

ஒருநாள் மடித்து வைத்த பனியனின் நெஞ்சில் குங்குமப் பொட்டு போல ரத்தம். முதலாளி ரத்தினசாமி அதை விரித்துப் பார்த்தார். பிறகு கிட்டுசாமியின் கையைப் பார்த்தார்.

"ஏனுங்க, வேலிமுள்ளுக்குள்ள கைய உட்டீங்களா?"

"பூனைக்குட்டிங்க."

"பூனையா! பொண்டாட்டி பொறாண்டுனாக்கூட ஒரு நாயம் இருக்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது போல முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"வெள்ளைத் துணிங்க. கை ஆறற வரைக்கும் மூட்டை கட்டற வேலைக்குப் போங்க. ஆடிப் பதினெட்டு முடிஞ்சும் இப்பிடியே இருந்தா மடிக்கறதுக்கு வேற ஆளத்தான் போடோணும். அந்தப் பூனையக் கொண்டி எங்கியாச்சும் உட்ருங்க."

அன்று மாலை குட்டியை மஞ்சள் பையில் போட்டு நொய்யல் பாலம் வரை போனார். வழி நெடுக அது அவரை நம்பியது போல ஒரு சத்தமும் போடாமல் வந்தது. கத்தியிருந்தால் விட்டிருப்பார். அப்படியே திரும்பி வந்தார்.

மூக்கில் தட்டிப் பார்த்தார். அது டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து, வெளியே வந்ததும் இன்னும் ஆங்காரமாகக் கடித்தது. பஞ்சு ஜின்னிங் மில்லில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பழனாயி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிச்சாச் சண்டைன்னு நெனைக்குமுங்ணா. கைய வெடுக்குனு இழுத்தா எலின்னு நெனைக்கும். கடிச்சாக் கல்லாட்டம் இருங்க. உட்டதும் எந்திரிச்சு வெளிய வந்து கதவச் சாத்திக்கோங்க. கடிச்சா ஆளு போயிரும்னு அதுக்குத் தெரியட்டும்."

"கல்லாட்டமா?"

"அத உங்களுக்குச் சொல்லியா குடுக்கோணும்!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

பனியன் துண்டை அடுப்பில் போட்டார். நூல் தீர்ந்த காகிதக் கோன் ஒன்றைக் கம்பெனியிலிருந்து எடுத்து வந்து உருட்டிவிட்டார். அது நேராக ஓடாமல் வளைந்து வளைந்து சுற்றியது. குட்டி அதன் பின்னால் பைத்தியமாக ஓடியது. ஆனாலும் நடுவில் கைக்கே வந்தது. பல் பட்டதும் கையை அப்படியே வைத்திருந்தார். விட்டதும் எழுந்து வெளியே போனார்.

வெளியே போய் என்ன செய்வது? போக ஓர் இடமில்லை. உள்ளே கதவைப் பிறாண்டிக்கொண்டு குட்டி கத்தியது. உலகத்தில் அவரைக் கூப்பிடுகிற ஒரே குரல் அது. அதைத்தான் அவர் கேட்காதவர் போல நிற்க வேண்டியிருந்தது. குடத்தோடு போன ஒருத்தி கேட்டாள்:

"ஏனுங்க, ஊருல இருந்து ஒறம்பரை ஆராச்சும் வருதுங்களா? வாசல்லயே நிக்கறீங்க."

"ஆருமில்லீங்க."

கத்தல் அடங்கியதும் உள்ளே போவார். மறுபடி கடிக்கும். மறுபடி வாசல். நாளாக ஆகக் கடியின் வேகம் குறைந்தது; பழைய காயங்கள் ஆறி வந்தன. தெருவிளக்கு எரியத் தொடங்குவதை அந்த நாள்களில்தான் அவர் முதன்முதலாகப் பார்த்தார்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின சாயங்காலம் குட்டி அவர் சுட்டுவிரலை வாயில் வாங்கியது. பல் தோலில் வந்து நின்றது. அவர் மூச்சைக்கூட விடவில்லை. குட்டி அவர் கண்ணை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்து விரலை விட்டுவிட்டுக் கோனைத் தேடிப் போயிற்று. அவர் எழுந்திருக்கத் தேவையில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஆடிப் பதினெட்டு விடுமுறை முடிந்து வேலைக்குப் போனபோது முதலாளி அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். தழும்புதான் இருந்தது.

"பூனையக் கொண்டி உட்டுட்டீங்களாட்ட இருக்குது. நல்லதுங்க. மேஜைக்குப் போங்க."

'பூனைய உடலீங்க, அது கடிக்கறத உட்டிருச்சுங்க' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். முதலாளி அதற்குள் சலவை மூட்டைப் பக்கம் திரும்பிவிட்டார். வேறு யாரும் பூனையைப் பற்றிக் கேட்கவில்லை. சொல்லாவிட்டால்தான் என்ன என்று தோன்றியது. மத்தியானம் வேலைக்கு நடுவில் குட்டி கோனைத் துரத்துவதை நினைத்துச் சத்தமாகவே சிரித்துவிட்டார். எந்திர இரைச்சலில் யாரும் திரும்பவில்லை.