கதவோரக் கட்டில்

கிர்கிஸ் நாட்டு மலையூரான நாரின் பேருந்து நிலையத்தில் "பிஷ்கெக்! பிஷ்கெக்! இன்னும் ஒரே ஒரு ஆளு!" என்று ஒரு குரல் கேட்டால் அது சைரகான்தான். வண்டி காலியாக நிற்கும். அவள் கணக்கில் எப்போதும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும் அவள் அந்த வேலையை விடவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வாள், மற்ற நாள் நிலையத்துக்கு ஓடுவாள். அவளை முடக்கியது அரிப்புதான். பக்கத்துக் கட்டில்காரன் என்பதால் எனக்குத் தெரியும். முதுகைச் சொறிந்தே அவளுடைய சீப்புக்குப் பல் போய்விட்டது. ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் பழைய வடிகட்டி சின்னக் கழிவுகளை எடுத்துவிடும், உடம்பில் அழற்சியையும் அரிப்பையும் கிளப்பும் பெரிய மூலக்கூறுகளை ரத்தத்திலேயே விட்டுவிடும் என்றார்கள்.

தலைநகரம் பிஷ்கெக்கிலிருந்து அதிலெத் என்று ஒரு டாக்டர் வந்தார். சவ்வில் கொஞ்சம் பெரிய துளைகள் உள்ள புது வடிகட்டியைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். செவிலியர் குழம்பக் கூடாதென்று, உள்வரிசைக் கட்டில்களுக்குப் புதுசு, கதவோரக் கட்டில்களுக்குப் பழசு என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டிலுக்கு! ஆளுக்கு இல்லை. இத்தனைக்கும் வெளிநாட்டுக்காரர் இல்லை, கிர்கிஸ் வீட்டில் பிறந்தவர். எங்கள் வீடுகளில் மூத்தவருக்குக் கதவிலிருந்து தள்ளி உள்ளிடம், இளையவருக்குத்தான் கதவோரம் என்பது அவருக்குத் தெரியாதா?

சைரகானுக்கு உள்வரிசை கிடைத்தது. சில வாரங்களில் அரிப்பு அடங்கியது. நிலையத்தில் அவள் குரல் பழையபடி எழுந்தது. அப்போதுதான் மலைக்கிராமத்திலிருந்து ஒர்மொன்பெக் என்ற வெண்தாடிக் கிழவர் வந்து சேர்ந்தார். காலியாக இருந்தது கதவோரக் கட்டில் மட்டும்தான்.

"பெரியவரைக் கதவோரத்துல போட்டுட்டு நான் உள்ள படுக்கிறதா? எங்கப்பா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து அறைவாரு. நீங்க உள்ள போங்க ஐயா" என்று சைரகான் எழுந்துவிட்டாள்.

"நல்ல காரியம் பண்ணீங்க அக்கா" என்றாள் செவிலிப்பெண். அவளும் கிர்கிஸ் வீட்டுப் பெண்தானே.

பிறகு அதுவே வழக்கமானது. அன்றன்று யார் மூத்தவரோ அவர் உள்ளே போவார், இளையவர் கதவோரம் வருவார். சைரகானுக்கு மறுபடி அரிப்பு வந்துவிட்டது.

"உன் இடத்தைத் திருப்பிக் கேளேன் அக்கா" என்றேன்.

"எனக்கு அரிக்குதுன்னு கிழவனைக் கிளப்பச் சொல்றியா? போடா!"

மாதங்கள் கழித்து அதிலெத் சிரித்த முகமாக வந்தார். ரத்தப் பரிசோதனையில் இரண்டு வரிசைக்கும் வித்தியாசமே இல்லையாம், புது வடிகட்டி இங்கே தேவையில்லை என்று எழுதப்போகிறாராம்.

சைரகான் கையில் ஊசி இருப்பதையும் மறந்து எழுந்து உட்கார்ந்தாள். "வித்தியாசம் இல்லையா? என் தோலைக் கேளுடா, சொல்லும்! நாங்கதான் ஒவ்வொரு தடவையும் இடம் மாறிக்கிட்டே இருந்தோமே!"

டாக்டரின் முகம் வெளுத்தது. "யாரு அக்கா உங்களை மாறச் சொன்னது?"

"உங்க வீட்டுல தாத்தாவைக் கதவோரத்துலயா உட்கார வைப்பீங்க? வடிகட்டியைக் கட்டிலுக்குக் கட்டி வச்சியே, வியாதி கட்டிலுக்கா வந்திருக்கு? ஆளு பேரை எழுதி ஒட்டியிருக்கலாம்ல? மறுபடி செய். ஒழுங்கா செய்."

அந்த மனிதருக்கு ரோஷம் இருந்தது. மறுபடி தொடங்கினார். இந்த முறை சீட்டுக் குலுக்கினார்கள், யார் எங்கே படுத்தாலும் அவரவர் பெயர் ஒட்டிய வடிகட்டி. ஒர்மொன்பெக்குக்குப் புதுசு விழுந்தது. சைரகானுக்குப் பழசு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்திச் சோதனையை மறுபடி நடத்த வைத்தவளுக்கா இது?

கிழவர் கண்கலங்கினார். "என்னுதை நீ எடுத்துக்க மகளே. அன்னிக்கு நீ எனக்கு இடம் கொடுத்த."

"சும்மா படுங்க ஐயா!" என்று அதட்டினாள் சைரகான். "இதையும் மாத்திக்கிட்டா, மறுபடி வித்தியாசமே இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவான்."

பிறகு என் பக்கம் முதுகைத் திருப்பினாள். "என்னடா பார்க்கிற? அந்தச் சீப்பை எடு."