அண்ணனின் சட்டையில் தம்பி

திருவனந்தபுரம் கரமனையிலுள்ள என் ஸ்டுடியோவுக்கு அந்த அம்மாவும் மகனும் வந்தபோது மழை விட்டிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அவளுடைய பிள்ளைகள் இருவரும் இங்கே ஒரே ஹோட்டலில் வேலை பார்த்தவர்கள். மூத்தவன் பைக் விபத்தில் போய்விட்டான். படங்களெல்லாம் இருந்த போனும் அவனோடு நொறுங்கிவிட்டது. மிஞ்சியது அடையாள அட்டையில் இருந்த மங்கிய முகம் மட்டும்.

"ரெண்டு பேரும் ஒரே அச்சு தாயி," என்றாள். "இவனுக்கு அவன் சட்டையப் போட்டுக் கூட்டியாந்திருக்கேன். சிரிச்ச மாதிரி ஒரு படம் எடுத்துக் குடு. மாலை போட்டு மாட்டணும்."

இளையவனுக்கு இருபது வயதிருக்கும். கட்டம் போட்ட சட்டை தோளில் தொளதொளத்தது. தரையைப் பார்த்தபடி நின்றான். 'இது வேண்டாம் அம்மா' என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவனை ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

"சிரில. அண்ணன் ஒரு பக்கமா சிரிப்பாம்லா, அது மாதிரி," என்றாள் அவனிடம்.

அவன் உதட்டை இழுத்தான். எத்தனையோ படம் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் வாய் சிரித்தது, கண்கள் அழாமலிருக்கப் பாடுபட்டன.

கேமராவைத் தாழ்த்தி, "கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாம்," என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் இப்போதும் தெரியாது. மனசு சொன்னது, அவ்வளவுதான்.

சட்டைக் காலர் மடங்கிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய அவள் எழுந்து போனாள். காலரை நீவிய கை அப்படியே அவன் கன்னத்தில் நின்றுவிட்டது.

"ஏம்ல இப்படி மெலிஞ்சு போயிட்ட? ஒழுங்கா சாப்பிடுதியா இல்லையா?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். என் விரல் தானாகக் கேமராப் பொத்தானை அழுத்தியது.

"அண்ணன் போனதுலேர்ந்து அம்மா இப்பத்தான் எம் மூஞ்சியப் பாக்கா, சேச்சி," என்று என்னிடம் சொன்னவன், குலுங்கி அழுதான்.

அந்தப் படத்தை அவளுக்குக் கம்ப்யூட்டரில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இது மூத்தவன் இல்ல," என்றாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "உசுரோட இருக்கவனுக்கா நான் மாலை போடப் பாத்தேன்!"

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவளைத் தன்மீது சாய்த்துக்கொண்டான். அதை நான் படமெடுக்கவில்லை.

கடைசியில் அடையாள அட்டையில் இருந்த முகத்தையே பெரிதாக்கிக் கொடுத்தேன். எவ்வளவு முயன்றும் கண்கள் தெளியவில்லை.

"இதுக்கு மேல வராதும்மா," என்றேன்.

"போதும் தாயி. இவந்தான்." முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்தாள், ஈரம் ஏதும் இல்லாதபோதும்.

அவர்கள் போன பிறகு பாஸ்போர்ட் படத்துக்கு ஒருவர் வந்தார். நேராக உட்கார்ந்து, "எடுத்தோளூ," என்று மலையாளத்தில் எடுக்கச் சொன்னார். என் கண் ஈரத்தில் கேமராவுக்குள் அவர் முகம் கலங்கித் தெரிந்தது. நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டேன்.