கதவைக் குளிப்பாட்டியவள்

எங்கள் தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: கதவைக் குளிப்பாட்டுறவ. வைத்தவர் என் மாமியார். நான் அதை மறுத்ததே இல்லை. குளிப்பாட்டினேன். மறுபடி அந்த நிலை வந்தாலும் குளிப்பாட்டுவேன்.

நான் பயந்த சுபாவம்தான். ரயில்வே கேட் திறந்திருந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சந்தேகத்துக்கு முதல் பக்கத்தை இன்னொரு தடவை பார்ப்பேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனால் ஈயத்தைப் பற்றி எனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு முன்பு, அண்ணன் தாம்பரத்தில் ஒரு பேட்டரி கடையில் ஈயத் தகடு உருக்கும் வேலை பார்த்தான். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். பிறகு மணிக்கட்டு தொங்கிப்போய், காபி டம்ளரைத் தூக்க முடியாமல் ஆனான். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனது நான். "ஈயம் உடம்புல ஏறியிருக்கு. புகையா, தூசியா உள்ள போயிருக்கு" என்றார் டாக்டர். கிளம்பும்போது, "வீட்டுல சின்னக் குழந்தைங்க இருந்தா ஜாக்கிரதை. கொஞ்சம் போனாலே மூளைக்குக் கெடுதல். பழைய பெயிண்ட்ல கூட ஈயம் இருக்கு" என்றார். போகிறபோக்கில் சொன்னதுதான். என்னைப் போன்றவளிடம் எதையும் போகிறபோக்கில் சொல்லக் கூடாது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடையில் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் வாழ்க்கைப்பட்ட வீடு செம்பாக்கத்தில், மாமனாரின் அப்பா கட்டியது. கதவும் ஜன்னலும் பச்சை. ஒவ்வொரு விசேஷத்துக்கும் பச்சைக்கு மேல் பச்சை அடித்து, பெயர்ந்த இடத்தில் தோசை கனத்துக்கு இருக்கும். வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம். அதற்குள் பழைய பெயிண்ட்டைச் சுரண்டிப் புதுசு அடிக்க வேண்டும், செல்லரித்த ஜன்னல் கதவுகளை மாற்ற வேண்டும். என் மகள் அப்போது தவழ்கிற குழந்தை.

முதல் நாள் பெயிண்டர் உப்புத்தாளை வைத்துக் கதவை வறட்டு வறட்டென்று தேய்த்தார். நான் சமையலறையிலிருந்து வந்து பார்த்தபோது மகள் கதவடியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையும் பச்சை. ஒன்று வாயில்.

தூக்கிக்கொண்டு ஓடிக் கையைக் கழுவினேன், நாக்கைத் துணியால் துடைத்தேன். அவள் வீறிட்டதில் மாமியார் வந்துவிட்டார். அண்ணனுக்கு வந்ததைச் சொன்னேன். பெயிண்டில் ஈயம் இருக்கிறது, இப்படித் தேய்க்கக் கூடாது என்றேன்.

"ஈயச் சொம்புல ரசம் வெச்சுதான் உன் புருஷனை வளர்த்தேன். அவன் என்ன கெட்டுப்போயிட்டான்?"

"அது வெள்ளீயம் அத்தை. இது காரீயம். வேற."

பெயிண்டர் சிரித்தார். "ஈயத்துலயும் ஜாதி கீதா? இருபது வருசமா இந்தத் தூசியத் துன்னுகினு கீறேன். கல்லு மாதிரி இல்ல?"

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "ஊரு பூரா பெயிண்ட் அடிக்கிறான். கல்யாண நேரத்துல அம்மாகிட்ட வம்பு பண்ணாதே" என்றார்.

மறுநாள் பெயிண்டர் ப்ளோ லேம்ப்போடு வந்தார். மண்ணெண்ணெய் ஊற்றி பம்ப் அடித்தால் நாக்கு நாக்காகத் தீ வரும். அதைக் காட்டினால் பெயிண்ட் கொப்பளித்து உரியும், வேலை சீக்கிரம் முடியும், புகை வீடெல்லாம் போகும். அண்ணனைப் படுக்கவைத்த புகை. மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக் கதவின் தலையிலிருந்து ஊற்றினேன்.

ஏரி வெடித்துக் கிடந்த கோடை. கிணற்றில் வாளி இறக்கினால் சேற்றைத் தட்டும். அப்படிப்பட்ட தண்ணீரைக் கதவுக்கு ஊற்றினால் மாமியார் சும்மா இருப்பாரா?

"குடிக்கவே தண்ணியில்ல, கதவைக் குளிப்பாட்டுறா பாரு! சாம்பிராணியும் போடுடி!"

"பேஜார் பண்ணாதம்மா" என்றார் பெயிண்டர். "ஈரக் கதவுல இன்னான்னு நெருப்பு காட்டறது?"

"நெருப்பு வேணாம்ணா. கார் பட்டறையில வாட்டர் பேப்பர் வெச்சு ஈரத்தோட தேய்க்கிறாங்க இல்ல? அப்படித் தேய்ங்க. தண்ணி நான் இறைக்கிறேன்."

"லேட்டாவும்."

"ஆகட்டும். நெருப்பு வெச்சா திரும்ப ஊத்துவேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடைக்குப் போய் வாட்டர் பேப்பர் வாங்கி வந்தார்.

வேலை முடியும்வரை இறைத்தேன். நான் குளிக்கும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன். மற்றவர்கள் பங்கில் கை வைக்கவில்லை. தேய்க்கிற அறைக்கு ஈரப் புடவையால் திரை கட்டினேன். கீழே ஈரச் சாக்கு விரித்தேன். துடைப்பம் தொட விடவில்லை. பெருக்கினால் தூசி எழும்பும் என்று ஈரத்துணியால் துடைத்து, துடைத்ததை மறுபடி துடைத்தேன். சுரண்டின தூளையும் கழுவின தண்ணீரையும் கிணற்றிலிருந்து தள்ளி ஒரு குழியில் கொட்டி மூடினேன். டீ வேளையில் பெயிண்டர் போண்டாவை எடுக்கும் முன் சோப்போடு நிற்பேன்.

"மாமியாருக்குக்கூட இப்படிக் கை கழுவ ஊத்த மாட்டே" என்பார். ஆனால் கையை நீட்டுவார்.

இனி பயமில்லை என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள், கொல்லையில் கோட்டை அடுப்பு மூட்டியிருந்த சமையல்காரர் விறகு போதவில்லை என்றார். மாமியார் மூலையைக் காட்டினார். கழற்றிய ஜன்னல் கதவுகள் அங்கே அடுக்கியிருந்தன. காய்ந்த தேக்கு, மேலே தோசை கனத்துக்குப் பச்சை. "இதைப் பிளந்து போடுங்க. நல்லா எரியும்."

கொல்லை முழுக்கக் குழந்தைகள். என் மகளும் அடுப்பருகில் யாரோ ஒருவர் இடுப்பில். கத்தினால் யாருக்குக் கேட்கும்? போய் அந்த அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டேன், பட்டுப்புடவையோடு.

"எழுந்திரும்மா, சாம்பாருக்கு நேரமாவுது" என்றார் சமையல்காரர், கோடரியோடு.

"சவுக்குக் கட்டை வரட்டும். எழுந்திருக்கிறேன்."

"சம்பந்தி வீட்டுக்காரங்க பார்க்குறாங்க. மானம் போகுது" என்று மாமியார் பல்லைக் கடித்தார்.

"போகட்டும் அத்தை."

கணவர் வந்தார். என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், பக்கத்தில் மகளைப் பார்த்தார். அவளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, விறகுக் கடைக்கு ஆள் அனுப்பினார். கட்டை வண்டி வந்து சேரும்வரை நான் அசையவில்லை. அதற்குள் உள்ளே நலங்கு முடிந்துவிட்டது.

"என்ன ஆச்சு பார்த்தியா? ஒண்ணும் ஆகல" என்று பிறகு பல வருடம் சொல்லிக் காட்டினார்கள். ஆமாம், ஒன்றும் ஆகவில்லை. அதற்குத்தானே தண்ணீர் இறைத்தேன்?

நலங்கில் எடுத்த படம் ஆல்பத்தில் இருக்கிறது. எல்லோரும் நிற்கிறார்கள், நான் மட்டும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், "நீங்க எங்கே?" என்று கேட்பார்கள். "விறகு மேல உட்கார்ந்திருந்தேன்" என்பேன். பிறகு படத்தின் ஓரத்தில் என் கணவர் இடுப்பிலிருக்கும் மகளைக் காட்டுவேன். கட்டைவிரல் வாயில் இருக்கிறது. சுத்தமான விரல்.