மீனில்லாத தொட்டிக்குத் தீனி

அந்தக் குடியிருப்பில் பினாயிலம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கு நேரே மட்டும் சிஸ்டர் என்பார்கள். அவர் நர்ஸ் இல்லை. படுத்த படுக்கையாகிவிட்டவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்று, ஊரார் வீட்டு அப்பா அம்மாக்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, கடைசியில் கண்ணையும் மூடிவிட்டு வந்தவர். அந்த வேலை அவருக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் சுத்தம். தன் வாசலைத் துடைத்தாரென்றால் மாடிப்படி முழுக்க மணக்கும். பட்டப்பெயர் காதில் விழாமல் இல்லை. நாறுகிறாள் என்று பெயர் வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல் என்று விட்டுவிட்டார்.

முழங்கால் தேய்ந்து வேலையை விட்டபின் ஒரு சின்ன மீன்தொட்டி வாங்கினார். அடியில் கூழாங்கல், மூலையில் பஞ்சு வைத்த ஃபில்டர், உள்ளே ஒரே ஒரு நீல ஃபைட்டர் மீன். ஆயுசு முழுக்க மணியடித்துக் கூப்பிட்டவர்களுக்காக ஓடியாயிற்று. கூப்பிடத் தெரியாத ஜீவன் ஒன்றோடு கொஞ்ச காலம் இருந்து பார்க்கலாமே என்ற எண்ணம்தான். அதற்குப் பெயரெல்லாம் வைக்கவில்லை. அவர் தீனி போட்டார், அது தின்றது.

ஒரு நாள் பஞ்சில் பழுப்பாகச் சகதி படிந்திருப்பது கண்ணில் பட்டது. பட்டபின் அந்தக் கை சும்மா இருக்குமா? மீனை ஒரு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, கூழாங்கல்லைக் கொதிக்க வைத்தார். பஞ்சை வெந்நீரில் சோப்புப் போட்டுக் கசக்கினார். தொட்டியை பிளீச்சிங் பவுடரால் தேய்த்தார். குழாய்த் தண்ணீர் பளிங்குபோல் நின்றது. அதில் விட்ட மீன் இரண்டொரு நாளில் மல்லாந்து மிதந்தது.

மகள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மீனையே உன்னால பாத்துக்க முடியலம்மா. தனியா இருந்தது போதும். நம்ம வீட்டுக்கு வந்துடு."

"மீன் செத்ததுக்கும் நான் வர்றதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"போன மாசம் அடுப்ப அணைக்காம கடைக்குப் போன. இப்ப இது. அடுத்தது என்னன்னு நான் பயந்துக்கிட்டே கெடக்கணுமா?"

"பயந்துக்கோ. அதுக்காக நான் வீட்ட விட முடியாது. அது உன் வீடு. இதுதான் என் வீடு."

மகள் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. அங்கே அவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் மூன்று பேர் கூடவே எழுந்திருப்பார்கள். அதுதான் அவருக்கு ஆகாது.

மீனைக் காகிதத்தில் சுற்றி அப்புறப்படுத்திவிட்டு, வளர்ப்பு மீன் கடைக்குப் பஸ் ஏறினார். கடைக்காரர் நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"தொட்டிய கழுவுனீங்களா, ஆபரேஷனுக்கு ரெடி பண்ணீங்களா?"

"அழுக்கா இருந்துச்சு."

"அந்த அழுக்குதாம்மா அங்க வேல பாத்துக்கிட்டு இருந்துச்சு. மீனோட கழிவு தண்ணில விஷமாகும். பஞ்சுல குடியிருக்கிற கிருமிதான் அத தின்னு தீக்கும். நீங்க வேலைக்காரங்க அத்தன பேரையும் வெந்நி ஊத்திக் கொன்னுட்டீங்க."

"என்னையே கிருமி வளக்கச் சொல்றீங்க."

"நல்ல கிருமிம்மா."

"நல்லது கெட்டதுன்னு நான் என்னைக்குப் பாத்தேன்? எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொன்னேன்."

கடைக்காரர் வழி சொன்னார். தொட்டியில் பிளீச்சிங் வாடை துளியும் இருக்கக் கூடாது. சோப்புக் குடித்த பஞ்சு ஆகாது, புதுசு போட வேண்டும். மீன் இல்லாமலே ஃபில்டரை ஓடவிட வேண்டும். தினம் ஒரு சிட்டிகைத் தீனி போட்டால் அது தண்ணீரில் அழுகும். அதைத் தின்று கிருமி பெருகும். சில வாரமாகும். சின்னச் சீசாவில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துச் சோதனைச் சொட்டு மருந்து விட்டால், விஷம் இருக்கும்வரை அது பச்சையாகும். அது நின்றபிறகுதான் மீன். பேச்சோடு பேச்சாகத் தன் தொட்டிப் பஞ்சை ஒரு பைக்குள் பிழிந்து, சகதித் தண்ணீரை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

"இத ஊத்துங்க. ஆரம்பத்துக்கு ஆள் வேணுமில்ல?"

பினாயிலம்மா தொட்டியைத் திரும்பத் திரும்ப அலசி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். கல்லைப் பரப்பினார். குளோரினை முறிக்கும் மருந்து கலந்த தண்ணீரை நிரப்பினார். அதுவரை கை தயங்கவில்லை. சகதிப் பையை அவிழ்த்து ஊற்றும்போதுதான் பெற்ற பிள்ளைக்கு நஞ்சு புகட்டுவதுபோல் கை பின்வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார். பிறகு கையை மட்டும் ஒன்றுக்கு மூன்று தரம் கழுவிக்கொண்டார்.

எதிர்வீட்டுத் தையல்காரி ஒரு காலையில் ஊசிமருந்துச் சீட்டைக் காட்டி விவரம் கேட்க வந்தாள். கலங்கல் தண்ணீர், எரியும் விளக்கு, குமிழி விடும் ஃபில்டர். மீனைக் காணோம். சிஸ்டர் அக்கறையாக ஒரு சிட்டிகைத் தீனி தூவினார்.

"யாருக்கு சிஸ்டர்?"

"உள்ள இருக்கிறவங்களுக்குத்தான்."

தையல்காரி சீட்டைக்கூட மறந்துவிட்டு வீட்டுக்குப் போய் சிஸ்டரின் மகளுக்குப் போன் போட்டாள்.

அந்த வாரமே மகளும் மருமகனும் வந்து இறங்கினார்கள். பினாயிலம்மா அவர்களுக்கு டீ கொடுத்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று தொட்டிக்குத் தீனி போட்டார். மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். மருமகன் தொண்டையைச் செருமினார்.

"அத்தை, இன்னிக்கு என்ன கிழமை?"

போகிற போக்கில் கேட்பதுபோல் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பினாயிலம்மாவுக்கு அந்தக் கேள்வியும் தெரியும், அந்தச் சிரிப்பும் தெரியும். மறதி நோயா என்று பார்க்க, அதே சிரிப்போடு எத்தனையோ பேரை அவரே கேட்டிருக்கிறார். பின்னால் வரப்போவதும் தெரியும். முதலில் அடுப்பைத் தொடாதே என்பார்கள். அப்புறம் கத்தி காணாமல் போகும். அப்புறம் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். எல்லாம் அன்பினால்தான்.

"ஞாயித்துக்கிழமை. இல்லேன்னா நீங்க இந்நேரம் இங்க உக்காந்திருப்பீங்களா மாப்பிள்ளை? அடுத்தது நூறுலேர்ந்து ஏழேழா கழிக்கச் சொல்லணும். எங்க, நீங்க கழிங்க பாப்போம்."

மருமகன் பெரியவர்கள் சொல் தட்டாதவர். "தொண்ணூத்தி மூணு. எண்பத்தி ஆறு. எழுபத்தி ஒம்பது. எழுபத்தி... ஒண்ணு?"

"உங்களத்தான் எங்கயாவது கொண்டுபோய் விடணும்."

மகள் சிரிக்கவில்லை. "பேச்ச மாத்தாதம்மா. யாருக்குத் தீனி போடற?"

"கிருமிக்கு."

"எதுக்கு?"

"கிருமிக்குடி. கண்ணுக்குத் தெரியாது. பஞ்சுக்குள்ள குடியிருக்கு."

மகளின் கண் நிறைந்துவிட்டது. உண்மையைச் சொன்னதில் காரியம் இன்னும் கெட்டது. மேற்கொண்டு விளக்குவதற்குப் பினாயிலம்மாவின் வாய் கூசியது. இன்றைக்குத் தீனிக்குக் கணக்குச் சொன்னால் நாளைக்குக் குழம்பில் போட்ட உப்புக்கும் சொல்ல வேண்டிவரும். ஆனால் மகள் அழுவதைப் பார்த்துக்கொண்டு வீம்பு பிடிக்கவும் மனம் வரவில்லை. கடைக்காரர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். சொட்டு மருந்து விட்டுப் பச்சையையும் காட்டினார்.

மகள் மூக்கை உறிஞ்சினாள். "சரி, புத்தி தெளிவாத்தான் இருக்கு. ஆனா மீன் செத்தது உன்னாலதானே?"

"என்னாலதான். நான்தான் கொன்னேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். இந்த வீட்டு ஓனர்கிட்ட பேசிட்டேம்மா. அடுத்த மாசம் காலி பண்றோம்னு."

மருமகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அஞ்சு வயசுல கோழிக்குஞ்சுக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டின. ஞாபகம் இருக்கா?" பினாயிலம்மாவின் குரல் உயரவில்லை. "வெறச்சுச் செத்துது. அதுக்காக உன்ன வீட்ட விட்டு அனுப்பினேனா? ஒரு உசுரு என் கையால போச்சு. தப்புதான். தப்பு பண்றவ எல்லாம் சாவியக் குடுத்துடணும்னா இந்த ஊர்ல ஒரு வீட்லயும் ஆள் இருக்க முடியாது."

"விழுந்து கெடந்தா யாரும்மா பாப்பா?"

"விழுந்தா நீதான் வரணும். வேற யாரு வருவா? விழறதுக்கு முன்னாடியே தூக்க வராத."

போனை எடுத்து வீட்டு ஓனரைக் கூப்பிட்டார். "நான்தான் பேசறேன். என் பொண்ணு பாசத்துல ஏதோ சொல்லியிருக்கா. நான் காலி பண்ணல. இனிமே இந்த வீட்டப் பத்தி என்னத் தவிர யாரு பேசினாலும் கேட்டுக்காதீங்க. அப்புறம், சமையலறைக் குழாய் ஒழுகுது, ஆள் அனுப்புங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மகள் ஈரத்துணியும் சோப்புமாகத் தொட்டியருகே நின்றாள். கண்ணாடியில் படிந்த பாசியை அவளாலும் பொறுக்க முடியவில்லை.

"கைய எடுடி."

மகள் கையை எடுத்தாள். அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது. போகும்போது, இனி வருவதற்கு முன் போன் செய்துவிட்டு வரச் சொல்லிப் பினாயிலம்மா வழியனுப்பினார்.

ஒரு நாள் சொட்டு மருந்து விட்டும் தண்ணீர் பச்சையாகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. பினாயிலம்மா தனியாகப் பஸ் ஏறிப் போய் ஒரு சிவப்பு ஃபைட்டரை வாங்கி வந்தார். பையோடு மிதக்கவிட்டு, சூடு சமமானதும் திறந்துவிட்டார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"இதுவும் செத்துட்டா என்னம்மா பண்ணுவ?"

"இன்னொண்ணு வாங்குவேன்."

வீட்டு ஓனர் ஒருவழியாக அனுப்பிய குழாய் ரிப்பேர்க்காரர் கதவைத் தட்டினார். மகளை லைனிலேயே காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார்.